பக்கத்து வேலியிலிருந்து நூல் பிடிக்கலாமா?

கேட்டவரின் நிலை இதுதான்: ஊருக்கு வெளியே ஒரு மனைப்பிரிவில் 40-க்கு 60 என்று 2,400 சதுர அடி மனை. தெற்கே 30 அடி ரோடு. வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது, இப்போது சுற்றுச்சுவர் எழுப்பப் போகிறார். நான்கு மூலைக் கற்களில் கிழக்குப் பக்கத்துக் கல் ஒன்று மட்டும் கண்ணில் படுகிறது. மேற்கே அண்டை வீட்டார் போட்ட கம்பி வேலி. அந்த வேலியிலிருந்து இந்தக் கல் வரை டேப் பிடித்தால் 38½ அடிதான் வருகிறது. கொத்தனாரோ, “அவங்க வேலியிலிருந்தே நூல் கட்டிடலாம் சார், கிழக்கே காலி மனைதானே, அந்தப் பக்கம் ஒன்றரை அடி தள்ளிக்குவோம்” என்கிறார். செய்யலாமா, சர்வேயரைக் கூப்பிட வேண்டுமா, கூப்பிட்டால் அரசு சர்வேயரா தனியாரா என்று கேட்டிருக்கிறார்.

செய்யாதீர்கள். கிழக்கு மனைக்காரர் இன்று வெளியூரில் இருக்கலாம், நாளை டேப்போடு வந்து நிற்பார். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த ஒன்றரை அடி எங்கே போனது என்று இன்னும் யாருக்கும் தெரியாது என்பது. வேலி உள்ளே வந்திருக்கலாம், உங்கள் கிழக்குக் கல் மேற்கே நகர்ந்திருக்கலாம், மனைப்பிரிவு போட்டபோதே அந்த வரிசைக்கு நிலம் போதாமல் இருந்திருக்கலாம். மூன்றிலும் டேப் 38½ அடிதான் காட்டும். உங்கள் மனையை மட்டும் எத்தனை முறை அளந்தாலும் இந்த மூன்றையும் பிரித்தறிய முடியாது.

முதலில் வீட்டிலேயே உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. கிரயப் பத்திரத்தின் கடைசியில் சொத்து விவரம் இருக்கும். அதில் நான்கெல்லை எழுதியிருப்பதைப் பலர் தலைகீழாகப் படிக்கிறார்கள். “30 அடி ரோட்டுக்கு வடக்கு, மனை எண் 15-க்குக் கிழக்கு” என்றால் ரோடு உங்களுக்கு வடக்கே இருக்கிறது என்று பொருளல்ல. ரோட்டுக்கு வடக்கே நீங்கள் இருக்கிறீர்கள், ரோடு தெற்கே. அதன் கீழே “கிழமேல் ஜாதியடி வடபுறம் 40, தென்புறம் 40, தென்வடல் கிழபுறம் 60, மேல்புறம் 60” என்ற பாணியில் நான்கு பக்க அளவும் தனித்தனியாக இருக்க வேண்டும். கிழமேல் என்பது கிழக்கு-மேற்கு, தென்வடல் என்பது தெற்கு-வடக்கு, ஜாதியடி என்பது வழக்கமான அடிதான். வடபுறமும் தென்புறமும் வேறு வேறாக எழுதியிருந்தால் உங்கள் மனை செவ்வகமே அல்ல, கொத்தனாரின் மூலைமட்டத்துக்கு அங்கே வேலை இல்லை. பத்திரத்தோடு இணைத்த மனைப்பிரிவு வரைபடத்தையும் எடுத்து வையுங்கள். அது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அங்கீகாரம் பெற்ற வரைபடம் என்றால் அளவுகள் மீட்டரில் இருக்கும். 40 அடி என்பது 12.19 மீட்டர், 60 அடி என்பது 18.29 மீட்டர். 12.2, 18.3 என்று முழுமையாக்கி எழுதியிருந்தால் ஓர் அங்குலத்துக்கும் குறைவான வித்தியாசம்தான், அதற்காகச் சண்டை வேண்டாம்.

அண்டை மனைகளின் பத்திரங்களும் தேவை. அவர்களிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை, கேட்காமலும் பெறலாம். அந்த மனைகளுக்கு வில்லங்கச் சான்று போட்டால் ஆவண எண்ணும் ஆண்டும் வரும், அதை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் முதலாம் புத்தகம் யார் வேண்டுமானாலும் கட்டணம் செலுத்திப் பார்க்கக்கூடியது. மேற்கு வீட்டுக்காரரின் பத்திரத்தில் 40 அடி என்று இருந்து தரையில் அவர் 41½ அடி வைத்திருந்தால் பாதி விடை கையில் வந்தாயிற்று.

பட்டாவுக்கு வருவோம். பட்டாவில் உள்ள பரப்பை வைத்து எல்லையைக் கண்டுபிடிக்க முயல்கிறவர்கள்தான் அதிகம், ஏமாறுகிறவர்களும் அவர்கள்தான். பட்டா பரப்பை ஹெக்டேர், ஏர் கணக்கில் சொல்கிறது. ஓர் ஏர் 100 சதுர மீட்டர், அதாவது 1,076 சதுர அடி. உங்கள் 2,400 சதுர அடி 2.23 ஏர், செண்டில் சொன்னால் 5.51. பழைய கிராமக் கணக்குகளில் பெரும்பாலும் அரை ஏருக்கு முழுமையாக்கி எழுதியிருப்பார்கள். அரை ஏர் என்பது 538 சதுர அடி. தோட்டத்துக்கு அந்தப் பிசிறு ஒன்றுமில்லை, வீட்டு மனைக்கு அது ஓர் அறை. ஆகவே பட்டாவில் பரப்பு கூடுதலாக இருக்கிறது என்று சந்தோஷப்படவும் வேண்டாம், குறைவாக இருக்கிறது என்று பதறவும் வேண்டாம். கோடு எங்கே போகிறது என்பதைச் சொல்வது புலப்படம், எல்லோரும் எஃப்எம்பி என்று சொல்வது. கிராமப்புற நிலங்களுக்கு அது அரசின் இ-சேவைத் தளத்தில் கிடைக்கிறது. நகர்ப்புறமாக அளக்கப்பட்ட பகுதி என்றால் அதற்குப் பதில் நகர நில அளவைப் பதிவேட்டு நகலும் பிளாக் வரைபடமும். புலப்படத்தில் மூலைக்கு மூலை போகும் குறுக்குக் கோடுகளும் அவற்றிலிருந்து செங்குத்தாக எடுத்த சிறு அளவுகளும் இருக்கும். அளவர் அந்த எண்களைத் தரையில் திருப்பிப் போட்டுத்தான் மூலையைக் காட்டுகிறார். பழைய படம் என்றால் எண்கள் லிங்க்ஸில் இருக்கும்: ஒரு லிங்க் 7.92 அங்குலம், நூறு லிங்க் ஒரு சங்கிலி, 66 அடி. அச்செடுத்த தாளில் ஸ்கேல் வைத்து அளந்து பெருக்காதீர்கள். ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் வரைந்த படத்தில் பேனாக் கோட்டின் அரை மில்லிமீட்டர் தடிமன் தரையில் அரை மீட்டர். எழுதியிருக்கும் எண் மட்டுமே நம்பத்தக்கது.

இங்கே முக்கியமான ஒரு கேள்வி: உங்கள் மனை உட்பிரிவு செய்யப்பட்டிருக்கிறதா? பட்டாவில் சர்வே எண்ணுக்குப் பின்னால் உங்களுக்கென்று தனி உட்பிரிவு எண் இருந்து, புலப்படத்திலும் அந்த எண் வரையப்பட்டிருந்தால் அரசு அளவரால் உங்கள் நான்கு மூலையையும் காட்ட முடியும். கூட்டுப் பட்டாவாக இருந்தாலோ, மனைப்பிரிவு போடுவதற்கு முன்பிருந்த வயல் மட்டும் புலப்படத்தில் இருந்தாலோ, அவர் காட்டக்கூடியது அந்த வயலின் வெளி எல்லையைத்தான். உள்ளே மனைகளைப் பிரித்த கோடு அரசுக் கணக்கில் கிடையாது. “சர்வேயர் வந்தார், என் மனையைக் காட்டாமல் போய்விட்டார்” என்ற புகார்களில் பல இப்படிப்பட்டவை. அவர்மேல் குறையில்லை, காட்டுவதற்கு அவரிடம் கோடு இல்லை. அப்படி இருந்தால் முதலில் உட்பிரிவுடன் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பியுங்கள், அளவும் அதோடு சேர்ந்தே நடக்கும்.

இனி தரை. மனைப்பிரிவில் அளவை உங்கள் மனையிலிருந்து தொடங்கக் கூடாது, வரிசையின் முனையிலிருந்து தொடங்க வேண்டும். உங்களுடையது மேற்குத் தெருமுனையிலிருந்து மூன்றாவது மனை, வரிசையில் மொத்தம் எட்டு, எல்லாம் 40 அடி என்று வைத்துக்கொள்வோம். முனையிலிருந்து 80-ஆவது அடியில் உங்கள் மேற்கு எல்லையும் 120-இல் கிழக்கு எல்லையும் வர வேண்டும். முனை மனையில் தெருத் திருப்பத்துக்காக மூலையை வெட்டியிருப்பார்கள். வெட்டிய இடத்திலிருந்து அளக்காமல் இரண்டு தெருக்கோடுகளையும் நீட்டினால் சந்திக்கும் புள்ளியிலிருந்து அளக்க வேண்டும், இதைத் தவறவிட்டால் தொடக்கமே ஐந்தாறு அடி தப்பும். பிறகு கிழக்கு முனையிலிருந்தும் இதேபோல் வாருங்கள். 80-ஆவது அடி வேலிக்கு மேற்கே ஒன்றரை அடி தள்ளி விழுந்து, 120 உங்கள் கல்லில் சரியாக விழுந்தால் வேலிதான் உள்ளே வந்திருக்கிறது. 80 வேலியிலேயே விழுந்து, 120 உங்கள் கல்லைத் தாண்டி ஒன்றரை அடி கிழக்கே போனால் கல் நகர்ந்திருக்கிறது. அப்போது அந்தக் கல்லிலிருந்து கிழக்கு மனையின் அடுத்த கல் வரை 41½ அடி இருக்கும், அது சாட்சி. மொத்த வரிசையே 320-க்குப் பதில் 318½ என்றால் குறை மனைப்பிரிவின் குறை, முதலில் வீடு கட்டியவர்கள் தங்கள் 40-ஐ முழுதாக எடுத்துக்கொண்டிருப்பார்கள், துண்டு விழுந்தது உங்கள் தலையில்.

நான்கு பக்கமும் சரியாக இருக்கிறது என்று டேப்பை மடக்கிவிடாதீர்கள், மூலைவிட்டம் அளக்கவில்லை என்றால் எதையும் அளக்கவில்லை. 40-க்கு 60 செவ்வகத்தின் மூலைவிட்டம் 72 அடி 1¼ அங்குலத்தை ஒட்டி வரும், இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 70 அடி வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கங்கள் அதே 40, 60. பரப்பு 2,395 சதுர அடி, ஐந்து சதுர அடிகூடக் குறையவில்லை. ஆனால் பின்பக்க மூலை மூன்றேமுக்கால் அடி ஒருபுறமாகச் சாய்ந்திருக்கிறது. பரப்பைச் சரிபார்த்துத் திருப்தி அடைகிறவர் இந்த மூன்றேமுக்கால் அடியைக் காணவே மாட்டார். அதேபோல, ரோடே சற்றுச் சாய்வாக ஓடும் மனைப்பிரிவில் கொத்தனார் ரோட்டை ஒட்டி மூலைமட்டம் வைத்து நூல் கட்டினால் பின்னால் போகப் போகப் பக்கத்து மனைக்குள் நுழைந்துவிடும். ஈசானிய மூலை வளரலாம் என்று சொல்லித் திருத்துகிறவர்களும் உண்டு. வளரட்டும், உங்கள் நிலத்துக்குள் வளரட்டும்.

டேப்பைப் பற்றிக் கொஞ்சம். துணி டேப்பும் ஃபைபர் டேப்பும் இழுத்தால் நீளும், பழசானால் நீண்டபடியே நிற்கும். எஃகு டேப் வைத்துக்கொள்ளுங்கள். பூஜ்யம் வளையத்தின் நுனியிலா, உள்ளே தள்ளியா என்று முதலில் பாருங்கள், டேப்புக்கு டேப் மாறும். சரிவில் டேப்பைத் தரையோடு போடக் கூடாது, மட்டமாகத் தூக்கிப் பிடித்துத் தூக்குக்குண்டு விட்டுப் புள்ளியை இறக்க வேண்டும். 60 அடியில் 5 அடி இறக்கம் இருந்தால் தரையோடு பிடித்த டேப் இரண்டரை அங்குலம் கூட்டிக் காட்டும். எழுதும்போது 40.6 என்று எழுதிவிட்டு ஒருவர் 40 அடி 6 அங்குலம் என்றும் இன்னொருவர் பத்தில் ஆறு என்றும் படித்தால் அங்கேயே 1.2 அங்குலம் இடிக்கும். கைப்பேசி வரைபடத்தில் தெரியும் கோட்டை வைத்து எல்லை பேசுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கைப்பேசியின் ஜிபிஎஸ் சில மீட்டர் தப்பும், உங்கள் தகராறு அரை மீட்டர்.

காணாமல்போன கற்களைத் தேடிப் பாருங்கள். ரோடு உயர்ந்து மனைக்கு மண் கொட்டியிருந்தால் கல் இரண்டு மூன்று அடிக்குக் கீழே அப்படியே இருக்கும். கணக்குப்படி வர வேண்டிய புள்ளியைச் சுற்றிக் கடப்பாரையால் குத்திப் பாருங்கள், கருங்கல்லில் பட்டால் கை உணரும், ஓசையும் மாறும். ஆனால் கிடைத்த கல்லெல்லாம் எல்லைக்கல் ஆகிவிடாது. மனைப்பிரிவு போட்டவர் வெள்ளையடித்து எண் எழுதி நட்ட குச்சிக்கல் ஓர் அடிகூட ஆழம் போயிருக்காது, ஜேசிபி உரசினாலே சாயும், சாய்ந்ததை யாரோ நல்லெண்ணத்தில் அருகிலேயே மறுபடி நட்டிருப்பார்கள். சர்வே கல் அதைவிடப் பருமன், ஆழமாக நிற்கும், அது வருவதும் சர்வே எண்களின் மூலைகளில்தான். மூன்று சர்வே எண்கள் கூடும் முச்சந்திக் கல் அருகில் கிடைத்தால் அதைவிட நல்ல தொடக்கப்புள்ளி இல்லை. நிலையாக நிற்கும் ஒரு கல்லைப் பக்கத்தில் உள்ள இன்னும் இரண்டு கற்களோடு அளந்து ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் நம்பக் கூடாது. உங்கள் ஒற்றைக் கிழக்குக் கல்லுக்கும் இது பொருந்தும்.

அரசு சர்வேயரா தனியாரா என்றால், இருவரும் செய்வது வேறு வேறு வேலை. தனியார் அளவர் டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவியோடு வந்து அரை நாளில் வரிசை முழுவதையும் அளந்து வரைபடம் தருவார். உங்கள் மனையை மட்டும் வரைந்து தந்தால் அதற்குப் பயனில்லை. இரண்டு தெருமுனைகள், எதிர்ப்பக்க மனைகளின் கற்கள், வேலி, எல்லாம் ஒரே படத்தில் அளவோடு வர வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அந்தப் படம் உங்களுக்குத் தெளிவு தரும், அண்டை வீட்டாரைக் கட்டுப்படுத்தாது. அரசு அளவருக்கு ‘தமிழ்நிலம்’ தளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்த வேண்டும். அத்து, அதாவது எல்லை, காட்டச் சொல்லி விண்ணப்பிப்பது என்று பழைய ஆட்கள் சொல்வது இதைத்தான். அண்டை நிலத்தாருக்கு அறிவிப்புக் கொடுத்து, அவர்கள் முன்னிலையில் அளந்து, வரைபடமும் அறிக்கையும் தருவது அதன் பலம். அன்றைக்குப் புதர் வெட்டியிருக்க வேண்டும், நடுவதற்குக் கற்களும் கடப்பாரையோடு ஓர் ஆளும் தயாராக இருக்க வேண்டும், இரண்டு பக்கத்தாரும் வந்திருக்க வேண்டும். வராதவருக்கு அறிவிப்புப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள், பின்னால் எழும் ஆட்சேபங்களில் முதலாவது அதுதான். உங்கள் நிலையில் தனியாரை வைத்து மூன்றில் எது நடந்தது என்று தெரிந்துகொண்டு, அதன்பின் அரசு அளவைக்குப் போவது காலத்தை மிச்சப்படுத்தும்.

சட்டத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. 1923-ஆம் ஆண்டின் சர்வே மற்றும் எல்லைகள் சட்டப்படி முடித்து அறிவிக்கப்பட்ட அளவை, எல்லைக்கு உறுதியான சான்று. ஏற்காதவர் அறிவிப்புத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டும். ஆனால் பட்டாவோ அளவர் அறிக்கையோ யாருக்கும் நிலத்தில் உரிமையைப் புதிதாகத் தருவதில்லை, உரிமை பத்திரத்தில். ஒரே ஆள் ஒரே இடத்தை இருவருக்கு விற்றிருந்தால் முதலில் விற்றதுதான் நிற்கும், ஏற்கெனவே கொடுத்ததை அவர் மறுபடி கொடுக்க முடியாது. அதனால்தான் பக்கத்துப் பத்திரத்தின் தேதி முக்கியம். பரப்பும் நான்கெல்லையும் முரண்பட்டால் நீதிமன்றங்கள் பொதுவாக நான்கெல்லையைத்தான் ஏற்கின்றன. உங்கள் விஷயத்தில் அது அவ்வளவு எளிதில் உதவாது: “மனை எண் 15-க்குக் கிழக்கு” என்பது கோட்டைக் காட்டவில்லை, மனை எண் 15 எங்கே முடிகிறது என்று மறுபடி வரைபடத்துக்கே அனுப்புகிறது. வரிசையே குறைவாக இருந்தால் அந்தக் குறையை யார் சுமப்பது என்பதைப் பத்திரங்கள் அனைத்தையும் பார்த்த வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும், இங்கிருந்து சொல்வது சரியாகாது. வழக்கு என்று போனால் நீதிமன்றம் வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, அளவர் உதவியோடு மறுபடி அளக்கச் சொல்லும். நீங்கள் இப்போது சேர்க்கும் அதே காகிதங்கள்தான் அங்கேயும் பேசும்.

வேலி எப்போது போட்டது என்பதைக் குறித்து வையுங்கள். அடுத்தவர் நிலத்தை நீண்ட காலம் வைத்திருந்தே அதற்கு உரிமை கோருவதை எதிர்மறை அனுபோகம் என்பார்கள், தனியார் நிலத்தில் அதற்குக் காலம் பன்னிரண்டு ஆண்டு. பன்னிரண்டு ஆண்டு வேலி நின்றாலே நிலம் போய்விடும் என்பதும் தவறு. உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாக, இடைவிடாமல் வைத்திருந்ததை அவர் நிரூபிக்க வேண்டும். ஆனால் அந்த வாதத்துக்கு இடம் கொடுக்கும்படி இன்னும் மூன்று வருடம் பேசாமல் இருப்பதில் என்ன லாபம்? எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்து, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வையுங்கள். வேலியை நீங்களாகப் பிடுங்காதீர்கள். அனுபோகத்தில் இருப்பவரைச் சட்டப்படி அல்லாமல் வெளியேற்றினால், நிலம் யாருடையது என்ற கேள்விக்கே போகாமல், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அவர் அதைத் திரும்பப் பெறலாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் தோற்கும் இடம் அது. காவல் நிலையம் எல்லையைத் தீர்மானிக்கும் இடமல்ல, கைகலப்பு வராமல் பார்ப்பது மட்டும் அவர்கள் வேலை.

ரோட்டுப் பக்கமும் கவனிக்க வேண்டும். 30 அடி ரோடு என்றால் தார் பத்துப் பன்னிரண்டு அடிக்குத்தான் போட்டிருப்பார்கள், அதுவும் நடுவில் போட்டிருக்க வேண்டிய கட்டாயமில்லை. தார் நடுவிலிருந்து 15 அடி என்று அளக்காமல் எதிர் வரிசைக் கற்களிலிருந்து 30 அடி பிடியுங்கள். பின்பக்கம் ஓடையோ வாய்க்காலோ வண்டிப்பாதையோ இருந்தால் அந்தச் சர்வே எண்ணைக் கிராமத்தின் அடிப்படை நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் பார்த்துப் புறம்போக்கா என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கே அனுபோகக் கணக்கு முப்பது ஆண்டு, அண்டை வீட்டாரிடம் பேசி முடிப்பதுபோல முடிக்கவும் முடியாது.

எல்லை முடிவான பிறகும் சுவர் வெளியே போவதற்கு ஒரு வழி இருக்கிறது, அது மண்ணுக்கு அடியில். ஒன்பது அங்குலச் சுவருக்கு இரண்டடி அகலக் கருங்கல் அஸ்திவாரம் நடுவாகப் போட்டால் சுவரின் வெளிமுகத்துக்கு அப்பால் ஏழரை அங்குலம் நீளும். தூண் போட்டு மூன்றுக்கு மூன்று அடி கான்கிரீட் அடித்தளம் வைத்தால், ஒன்பது அங்குலத் தூணின் முகத்திலிருந்து 13½ அங்குலம். சுவர் முகத்தை எல்லையில் நிறுத்தினால் இவ்வளவும் அடுத்தவர் நிலத்தில், அவர் வீடு கட்டத் தோண்டும் அன்று தெரியும். ஒருபக்கமாகத் தள்ளிய அடித்தளம் போடச் சொல்லுங்கள், பொறியாளர் கம்பிக் கணக்கை அதற்கேற்ப மாற்றித் தருவார். இல்லையென்றால் சுவரை உள்ளே தள்ளுங்கள். வெளிப்பூச்சின் அரை அங்குலத்தையும் நூல் கட்டும்போதே கழித்துக்கொள்ள வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து பொதுச்சுவர் எழுப்புவதாக இருந்தால் மட்டும் சுவரின் நடுக்கோடு எல்லையில் வரலாம். செலவு யார் எவ்வளவு, சுவர் யாருடையது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு.

அஸ்திவாரம் தோண்டும்போது எல்லைக்கல் நிற்கும் இடமே வெட்டப்படும் என்பதை ஆட்கள் பெரும்பாலும் யோசிப்பதில்லை. கல்லைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு மாலையில் கண்ணளவில் திரும்ப நடுவார்கள். தோண்டுவதற்கு முதல் நாள் ஒவ்வொரு கல்லுக்கும் உங்கள் மனைக்குள்ளேயே, வேலை நடக்காத இடத்தில், இரண்டு முளை அடித்துக் கல்லின் நடுவிலிருந்து ஒவ்வொரு முளைக்கும் உள்ள தூரத்தை எழுதி, டேப்போடு சேர்த்துப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு முளையிலிருந்தும் அந்தத் தூரங்களை வளைத்தால் கோடுகள் வெட்டும் இடத்தில் கல் மறுபடி உட்காரும். அது தெரியும்படி சுவரில் ஒரு சிறு பள்ளம் விட்டுப் பூசச் சொல்லுங்கள்.